தீர்ப்பும் காரணமும்: ஐரோப்பிய நீதிமன்றத்தின் சட்டத் தருக்கத்தை மதிப்பிடும் நெறி

பத்தாம் ஆண்டை நிறைவு செய்யும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில், கடல்கடந்த ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்புகளைப் பற்றிய உரை இடம்பெறுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் உரைநூல்களைப் பயின்றோர்க்கு இப்பொருள் அயலானதன்று. ஒரே நூற்பாவுக்கு இளம்பூரணர் ஒரு பொருளும் நச்சினார்க்கினியர் வேறொரு பொருளும் கூறும்போது, எவர் உரை உவப்பாக இருக்கிறது என்று பார்த்துக் கற்றோர் முடிவு செய்வதில்லை. எவர் சொல்லமைப்புக்கு மாறுபடாமல் பொருள் கண்டார், எவர் மற்றவர் கூற்றை எடுத்துக்காட்டி மறுத்தார், எவர் வேறிடத்தில் தாமே கூறியதோடு முரணாமல் நின்றார் என்றே பார்க்கின்றனர். உரையின் வன்மையை அதன் முடிவு தருவதில்லை. முடிவுக்கு இட்டுச் செல்லும் காரணமே தருகிறது.

தீர்ப்பும் ஒருவகை உரையே. சட்டம் மூலம், தீர்ப்பு அதன் உரை. ஆனால் வேறுபாடு ஒன்றுண்டு. உரையாசிரியர் பிழைத்தால் ஒரு பாடலின் பொருள் திரியும். நீதிபதி பிழைத்தால் ஒருவர் ஊதியத்தை இழப்பார். ஒரு குடும்பம் நாட்டை விட்டு வெளியேற நேரும். ஆகவே தீர்ப்பின் காரணத்தை எடைபோடும் நெறி, சட்டம் பயின்றோர்க்கு மட்டுமே உரிய பொருளாக இருத்தல் கூடாது. அந்நெறியை ஆராய ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் மிகப் பொருத்தமான களமாகும்.

நீதிமன்றமும் அதன் வலிமையும்

லக்சம்பர்க் நகரில் அமைந்துள்ள இந்நீதிமன்றம் 1952-ஆம் ஆண்டு நிலக்கரி, எஃகுச் சமூகத்தின் நீதிமன்றமாகத் தோன்றியது. மனித உரிமை வழக்குகளை விசாரிக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் வேறு, இது வேறு. இன்று 27 உறுப்பு நாடுகளிலிருந்து நாட்டுக்கு ஒருவராக 27 நீதிபதிகளும், அவர்க்குத் துணையாக 11 அட்வகேட் ஜெனரல்களும் இங்குப் பணிபுரிகின்றனர். அட்வகேட் ஜெனரல் என்னும் பெயரைக் கேட்டதும் இந்திய மாநிலங்களில் அரசுக்காக வாதாடும் அலுவலரை எண்ணிவிடலாகாது. ஐரோப்பிய நீதிமன்றத்தில் அவர் எக்கட்சியையும் சாராதவர். புதிய சட்ட வினா எழும் வழக்குகளில், நீதிபதிகள் தீர்ப்பளிக்குமுன் தம் கருத்துரையைத் தம் பெயரிலேயே வெளியிடுவது அவர் பணி. அக்கருத்துரை நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது.

இந்நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில் பெரும்பகுதி, உறுப்பு நாடுகளின் நீதிமன்றங்கள் அனுப்பும் வினாக்களாகும். ஒன்றியச் சட்டத்தின் பொருள் யாது என்று நாட்டு நீதிபதி கேட்கிறார், லக்சம்பர்க் விடையளிக்கிறது, அவ்விடையைக் கொண்டு நாட்டு நீதிபதி தம் முன்னுள்ள வழக்கை முடிக்கிறார். லக்சம்பர்க் நீதிமன்றத்துக்குப் படையில்லை; காவல் துறையில்லை; சிறையில்லை. அதன் சொல் செல்லுபடியாவது நாட்டு நீதிபதிகள் அதைப் பின்பற்றுவதால்தான். அவர்களோ கைகட்டிக் கேட்கும் மாணாக்கர் அல்லர். தத்தம் அரசியலமைப்பின் பெயரால் பதவியுறுதி எடுத்தவர்கள். அவர்களை இணங்க வைக்கும் கருவிகளுள் தலையாயது தீர்ப்பில் காட்டப்படும் காரணமே. தீர்ப்புகள் தம் காரணங்களைக் கூறுதல் வேண்டும் என்று அந்நீதிமன்றத்தின் அமைப்புச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு விதிக்கிறது. ஒன்றியத்தின் பிற நிறுவனங்கள் காரணங் கூறாமல் ஓர் ஆணை பிறப்பித்தால் அதனை இந்நீதிமன்றமே நீக்கிவிடும். பிறர்க்கு வகுத்த அளவுகோலால் அதையும் அளப்பது முறையன்றோ?

பொருந்தா அளவுகோல்கள்

அளப்பதற்குமுன், கைவிடத்தக்க கோல்கள் மூன்றினைச் சுட்டுதல் வேண்டும்.

முதலாவது, முடிவு உவப்பாக உள்ளதா என்பது. ஐரோப்பிய ஒருமைப்பாட்டை விரும்புவோர் அதற்குத் துணைபோகும் தீர்ப்புகளைப் புகழ்கின்றனர்; நாட்டு இறைமையைப் போற்றுவோர் அதே தீர்ப்புகளை இகழ்கின்றனர். இரண்டும் அரசியல் மதிப்பீடுகள். நல்ல முடிவு நலிந்த காரணத்தின் மேல் நிற்பதுண்டு. ஏற்க இயலாத முடிவு திண்ணிய காரணத்தோடு வருவதும் உண்டு.

இரண்டாவது, நீளம். பக்கம் மிகுந்தால் ஆராய்ச்சியும் மிகும் என்பதற்கு உறுதியில்லை. முன்தீர்ப்புகளின் தொடர்களைப் பத்தி பத்தியாகப் பெயர்த்து அடுக்கிய நெடுந்தீர்ப்பு, முடிச்சு அவிழ வேண்டிய இடத்தில் ஒரு வரியோடு நகர்ந்துவிடக் கூடும்.

மூன்றாவது, சட்டத்தின் சொல்லை விட்டு விலகியதா என்பதை மட்டும் பார்த்தல். ஒன்றியத்துக்கு 24 ஆட்சி மொழிகள் உள்ளன. அத்தனை மொழிப் பாடங்களும் சமமான அதிகாரம் உடையன. அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும் என்று 1982-ஆம் ஆண்டின் சில்ஃபிட் தீர்ப்பில் நீதிமன்றமே கூறியது. பாடங்கள் தம்முள் வேறுபடும்போது, சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு எவரும் கரையேற இயலாது. சட்டத்தின் நோக்கத்தையும் அமைப்பையும் நாடியே தீரவேண்டும். ஆகவே நோக்கத்தை நாடியது குற்றமன்று. எப்படி நாடியது என்பதே வினா.

நான்கு வினாக்கள்

பொருந்தும் அளவுகோல் எது? நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினைத் தொகுத்துரைத்த பவணந்தியார், அவற்றுள் குன்றக் கூறலையும் மாறுகொளக் கூறலையும் மயங்க வைத்தலையும் சேர்த்தார். நூல் செய்வோர் பிறர் கொள்கையை எதிர்கொள்ளும் முறைகளையும் எழுவகை மதம் என வகுத்தார். பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலும், இருவர் மாறுபடும் இடத்தில் ஒன்றினைத் துணிதலும் அவற்றுள் அடங்கும். நூலுக்குச் சொல்லப்பட்ட இக்கருத்துகளைத் துணையாகக் கொண்டால், ஒரு தீர்ப்பை நோக்கி நான்கு வினாக்களைக் கேட்கலாம்.

தோற்ற தரப்பின் வலுவான வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்து விடை கூறியதா? சட்டத்தின் சொல்லிலிருந்து முடிவு வரையுள்ள படிகள் அனைத்தையும் காட்டியதா? தான் முன்னர்க் கூறியதோடு ஒத்து நிற்கிறதா, மாறினால் மாற்றத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதா? அடுத்த வழக்கை விசாரிக்கும் நீதிபதி அதைக் கைக்கொண்டு வழிகாணுமாறு தெளிவாக உள்ளதா? இந்நான்கும் முடிவின் நன்மை தீமையைக் கேட்கவில்லை என்பது கருதத்தக்கது. முடிவை வெறுப்பவரும் இவற்றுக்கு ஆம் என்று விடையிறுக்க இயலும்.

1963: குறுகிய தீர்ப்பு, நெடிய விளைவு

நெதர்லாந்தைச் சேர்ந்த வான் கெண்ட் என் லூஸ் என்னும் போக்குவரத்து நிறுவனம் 1960-இல் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு வேதிப்பொருளை இறக்குமதி செய்தது. சுங்க அட்டவணையில் அப்பொருளின் வகைப்பாடு மாற்றப்பட்டிருந்ததால் தீர்வை 3 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகியிருந்தது. புதிய சுங்கத் தீர்வை விதிப்பதையும் இருப்பதை உயர்த்துவதையும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவு தடுத்தது. நாடுகளுக்கிடையே செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒரு தனி நிறுவனம் தன் நாட்டு நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டி உரிமை கோரலாமா என்பதே வினா.

நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய மூன்று அரசுகளும் நிறுவனத்தின் நிலைப்பாட்டை எதிர்த்தன. ஒப்பந்தத்தை மீறும் நாட்டின்மேல் நடவடிக்கை எடுக்க ஆணையத்துக்கும் பிற உறுப்பு நாடுகளுக்கும் ஒப்பந்தமே வழிவகுத்துள்ளது. அவ்வழி இருக்கையில் தனியார்க்கு வேறு வழி எதற்கு என்பது அவற்றின் வலுவான வாதம். அட்வகேட் ஜெனரல் கார்ல் ரோமரும் 12-ஆம் பிரிவு தனியார்க்கு நேரடி உரிமை தரவில்லை என்றே கருத்துரைத்தார்.

1963 பிப்ரவரி 5-ஆம் நாள் நீதிமன்றம் மாறான முடிவை அளித்தது. ஒப்பந்தத்தின் முகவுரை அரசுகளை மட்டுமன்றி மக்களையும் குறிப்பிடுகிறது. குடிமக்கள் தம் பிரதிநிதிகள் வழியாகச் சமூகத்தின் செயற்பாட்டில் பங்குபெறுகின்றனர். நாட்டு நீதிமன்றங்கள் வினா விடுக்கும் முறையை ஒப்பந்தம் வகுத்திருப்பதே, அந்நீதிமன்றங்களில் ஒப்பந்தம் எடுத்துக்காட்டப்படும் என்று எதிர்பார்த்ததற்குச் சான்று. இவற்றால் இது புதியதொரு சட்ட அமைப்பு என்றும், அதன் உறுப்பினர் அரசுகள் மட்டுமல்லர், குடிமக்களும் ஆவர் என்றும் நீதிமன்றம் துணிந்தது. பின்னர் அரசுகளின் வாதத்தை நேராக எடுத்துக்கொண்டது. ஆணையம் வழக்குத் தொடுக்கலாம் என்பதனால் தனியார் தம் உரிமையை நாட்டு நீதிமன்றத்தில் எழுப்பக் கூடாது என்பது பெறப்படாது. அவ்வழி மட்டுமே உண்டெனில் தனியார் உரிமைக்கு நேரடிப் பாதுகாப்பே இல்லாமற் போய்விடும் என்றது.

இத்தீர்ப்பில் குறையில்லை என்று கூற இயலாது. பிந்திய நாட்டுச் சட்டம் ஒப்பந்தத்தை மேவும் நாடுகளில் இவ்வுரிமை நிலைக்காதே, அதனால் நாட்டுக்கு நாடு வேறுபாடு விளையுமே என்று ரோமர் எழுப்பிய ஐயத்துக்கு நேர்விடை இதில் இல்லை. மறு ஆண்டு, 1,925 லிரா மின்கட்டணத்தைப் பற்றிய கோஸ்டா வழக்கில்தான், ஒன்றியச் சட்டமே மேம்பட்டது என்னும் விடை வந்தது. எனினும் படிகள் தெரிகின்றன; எதிர்வாதம் தெரிகிறது; விடையும் தெரிகிறது. தோற்ற அரசுகள் தம் வாதம் எந்த இடத்தில் கேட்கப்பட்டது, எந்த இடத்தில் மறுக்கப்பட்டது என்று விரல்வைத்துக் காட்ட முடிந்தது.

மனமாற்றத்தை ஒப்புக்கொள்ளும் இருமுறை

நீதிமன்றம் தன் கொள்கையை மாற்றிக்கொள்வது இழுக்கன்று. மாற்றத்தை எவ்வாறு அறிவிக்கிறது என்பதில்தான் தரம் வெளிப்படுகிறது. இதற்கு இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துக் காணலாம்.

ஹாக் என்பது ஒரு காப்பி வணிகக்குறி. ஜெர்மானிய நிறுவனத்தின் அக்குறி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெல்ஜியத்திலும் லக்சம்பர்க்கிலும் பகைநாட்டுச் சொத்து என்ற முறையில் பறிமுதலாகி வேறு கைகளுக்குச் சென்றது. ஒரே மூலத்திலிருந்து பிரிந்த குறிகள் என்பதால் ஒருவர் மற்றவரின் சரக்கைத் தடுக்க இயலாது என்று 1974-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990-இல் அதே வினா மறுதலையாக வந்தபோது, முந்தைய தீர்ப்பைக் கைவிடுவதாயின் அதனைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அட்வகேட் ஜெனரல் ஜேக்கப்ஸ் வலியுறுத்தினார். நீதிமன்றம் பழைய தீர்ப்பைப் பெயர் குறித்து எடுத்துக்கொண்டு, அதில் தான் கூறிய பொருளை மறு ஆய்வு செய்வது தேவை என்று வெளிப்படையாக அறிவித்து, குறி பிரிந்ததில் உரிமையாளரின் இசைவு இல்லை என்னும் காரணத்தைக் காட்டி மாற்றியது. எது போயிற்று, எது வந்தது என்பதில் எவருக்கும் மயக்கம் இல்லை.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1993 நவம்பர் 24-இல், கெக் வழக்கில் நிகழ்ந்தது வேறு. வாங்கிய விலைக்கும் குறைவாகப் பொருளை விற்றதாகப் பிரான்சில் இரு கடை மேலாளர்கள்மேல் வழக்கு. அத்தகைய தடை, நாடுகளுக்கிடையே சரக்குகள் தடையின்றிச் செல்லும் உரிமைக்கு முரணா என்பது வினா. விற்பனை முறையைப் பற்றிய விதிகள், எல்லா வணிகரையும் சமமாகப் பாதிக்குமாயின், அவ்வுரிமைக்குள் அடங்கா என்று நீதிமன்றம் கூறியது. கூறும்போது, இதற்குமுன் தீர்ப்பளிக்கப்பட்டதற்கு மாறாக என்றொரு தொடரைச் சேர்த்தது. எந்தத் தீர்ப்புக்கு மாறாக? பெயரில்லை. பழைய தீர்ப்புகளுள் எவை நிற்கின்றன, எவை வீழ்ந்தன என்று வழக்குரைஞரும் நாட்டு நீதிபதிகளும் பல்லாண்டுகள் தாமே ஊகித்தறிய வேண்டியதாயிற்று. மாற்றத்தை மறைக்காமைக்குக் கெக் தீர்ப்பைப் பாராட்டலாம். எல்லை காட்டாமைக்கு அதை மயங்க வைத்தல் என்னும் குற்றத்தில் சேர்க்கலாம்.

மூன்று மணி நேரம் எங்கிருந்து வந்தது?

பயணிகள் பலர் பயனடைந்த ஒரு தீர்ப்பையும் இதே கோலால் அளக்க வேண்டும். விமானப் பயணிகள் உரிமை பற்றிய 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் ஒழுங்குவிதி, விமானம் நீக்கப்பட்டால் தூரத்துக்கேற்ப 250, 400 அல்லது 600 யூரோ இழப்பீடு தருகிறது. விமானம் தாமதமானால் உணவு, தங்கல் முதலிய உதவிகளையே கூறுகிறது. இழப்பீடு பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. டொராண்டோவிலிருந்து ஏறத்தாழ 25 மணி நேரம் தாமதமாகப் பிராங்க்ஃபர்ட் வந்து சேர்ந்த குடும்பத்தின் ஸ்டர்ஜன் வழக்கில், 2009 நவம்பர் 19-இல், மூன்று மணி நேரமோ மிகுதியாகவோ தாமதமானாலும் இழப்பீடு உண்டு என்று நீதிமன்றம் கூறியது.

மூன்று மணி எங்கிருந்து வந்தது? நீக்கப்பட்ட விமானத்துக்கு மாற்று ஏற்பாடு செய்யும்போது, ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகப் புறப்படாமலும் இரண்டு மணி நேரத்துக்குள் தாமதமாகவும் கொண்டு சேர்த்தால் இழப்பீடு வேண்டியதில்லை என்று விதி கூறுகிறது. அந்த ஒன்றையும் இரண்டையும் கூட்டி, மூன்று மணி நேரத்தை இழந்தோர் எவராயினும் ஒரு நிலையினரே, ஒரு நிலையினரைச் சமமாக நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் வாதித்தது. விதியின் முகவுரைப் பத்தியொன்று நெடுந்தாமதத்தை நீக்கத்தோடு சேர்த்துப் பேசுவதையும் துணைக்கொண்டது.

இக்கணக்கில் நயமுண்டு, நோக்கமும் நன்று. ஆனால் முகவுரை விதியின் உடலை விளக்கலாமேயன்றி அதற்கு மாறாகச் செல்ல அடிப்படையாகாது என்று 2006-இல் இதே ஒழுங்குவிதி பற்றிய வழக்கில் இதே நீதிமன்றம் கூறியிருந்தது. அத்தீர்ப்போடு இது எவ்வாறு பொருந்தும் என்பதற்குப் போதிய விளக்கம் ஸ்டர்ஜன் தீர்ப்பில் இல்லை. சமத்துவ வினா எழுவதை ஏற்ற அட்வகேட் ஜெனரல் ஷார்ப்ஸ்டன், ஆயினும் இத்தனை மணி என்று எண்ணை வரையறுப்பது சட்டமியற்றுவோர் பணியாகும் என்று எச்சரித்திருந்தார். அவ்வெச்சரிக்கையையும் தீர்ப்பு நேர்கொள்ளவில்லை. விளைவு யாது? விமான நிறுவனங்கள் அதனை ஏற்க மறுத்தன. நாட்டு நீதிமன்றங்கள் மீண்டும் வினா விடுத்தன. 2012 அக்டோபர் 23-இல் பெரிய ஆயம் நெல்சன் வழக்கில் முந்தைய முடிவை இன்னும் விரிந்த விளக்கத்தோடு உறுதிசெய்தது. முதலிலேயே கூறியிருக்க வேண்டிய விடை மூன்றாண்டு கழித்து வந்தது. இடைப்பட்ட காலத்தில் வழக்கு நடத்திக் காத்திருந்தோர் பயணிகளே. காரணத்தின் குறையால் நேரும் துன்பம் பல வேளைகளில் தீர்ப்பால் வென்றவரையே சேர்கிறது.

சில பத்திகளில் ஒரு புதிய உரிமை

இதனினும் கூர்மையான சான்று ருயிஸ் சாம்பிரானோ வழக்கு. பெல்ஜியத்தில் வாழ்ந்த கொலம்பிய நாட்டுப் பெற்றோர்க்கு அங்கே பிறந்த இரு குழந்தைகள் பெல்ஜியக் குடிமக்கள் ஆயினர். தந்தைக்கு வாழிட உரிமையும் வேலை செய்யும் உரிமையும் மறுக்கப்பட்டன. குழந்தைகள் ஒன்றியத்தின் வேறெந்த நாட்டுக்கும் சென்றிலர். ஆகவே இது பெல்ஜியத்தின் உள்நாட்டுப் பொருள், ஒன்றியச் சட்டத்துக்கு இங்கு வேலையில்லை என்று அரசுகள் வாதிட்டன. அதற்கு முன்தீர்ப்புகளில் வலுவான ஆதாரமும் இருந்தது.

அட்வகேட் ஜெனரல் ஷார்ப்ஸ்டன் 2010 செப்டம்பரில் அளித்த நெடிய கருத்துரை, குடியுரிமை என்பதன் பொருள், பழைய தீர்ப்புகளின் போக்கு, அடிப்படை உரிமைகளின் எல்லை எனப் பல கோணங்களில் வினாவை ஆராய்ந்தது. 2011 மார்ச் 8-ஆம் நாள் வந்த தீர்ப்போ, பெற்றோர் வெளியேறினால் குழந்தைகளும் ஒன்றியத்தை விட்டே வெளியேற நேரும், அது குடியுரிமையின் உட்பொருளை மெய்யாகத் துய்க்கவிடாமல் பறிப்பதாகும் என்று மிகச் சில பத்திகளில் முடித்துவிட்டது. உட்பொருள் எது, துய்ப்பது எந்த அளவு, அரசுகள் காட்டிய முன்தீர்ப்புகள் என்னவாயின என்பனவற்றுக்கு அத்தீர்ப்பில் விளக்கம் இல்லை.

அக்குழந்தைகளுக்குக் கிடைத்தது நீதி என்று உணர்வோர் பலர். ஆயினும் இது குன்றக் கூறல். இதன் விலையைப் பிறகு வந்த குடும்பங்கள் கொடுத்தன. இரண்டு மாதம் நிறையுமுன் மெக்கார்த்தி வழக்கிலும், அவ்வாண்டு நவம்பரில் டெரெசி வழக்கிலும் நீதிமன்றம் அவ்வுரிமையின் எல்லையைக் குறுக்கியது. குடும்பம் ஒன்றாக வாழ வேண்டும் என்பது மட்டும் போதாது என்றது. காரணம் முதலிலேயே விரிவாக வரையப்பட்டிருந்தால், தமக்கு உரிமை உண்டா இல்லையா என்பதைக் குடிபெயர்ந்த பெற்றோர் நீதிமன்றப் படியேறாமலே அறிந்திருக்கக் கூடும். சுருங்கிய காரணம் இரக்கத்தின் வடிவில் வந்தாலும், அடுத்து வருவோரை இருளில் நிறுத்திவிடுகிறது.

ஏன் இவ்வாறு நேர்கிறது?

இக்குறைகளை நீதிபதிகளின் அறிவுக்குறையாகக் கருதுவது தவறு. அமைப்பிலேயே காரணம் உண்டு. இந்நீதிமன்றம் ஒரே குரலில் பேசுகிறது. மாறுபட்ட தீர்ப்பு எழுத இடமில்லை. கலந்தாய்வு மறைவாக நடைபெறுகிறது. நீதிபதியின் பதவிக்காலம் ஆறாண்டு. மீண்டும் அமர்த்தப்படுவது அவருடைய நாட்டரசின் முன்மொழிவைப் பொறுத்தது. இந்நிலையில் யார் எப்படி வாக்களித்தார் என்பது வெளிப்பட்டால், தனக்கு எதிராக வாக்களித்தவரை அரசு மீண்டும் முன்மொழியாது விடக்கூடும். ஆக, மறைவு நீதிபதியின் நடுநிலைக்குக் கவசமாக இருக்கிறது.

ஆனால் கவசத்துக்கும் எடையுண்டு. வெவ்வேறு சட்ட மரபுகளிலிருந்து வந்த நீதிபதிகள் முடிவில் ஒத்துக் காரணத்தில் மாறுபட்டால், எல்லாரும் கையொப்பமிடக் கூடிய வாசகம் எஞ்சும்வரை வரைவிலிருந்து தொடர்கள் நீங்கிக்கொண்டே போகும். கலந்தாய்வு பிரெஞ்சு மொழியில் நடக்கிறது. அது பலர்க்குத் தாய்மொழியன்று. ஆகவே முன்தீர்ப்பில் ஒருமுறை ஏற்கப்பட்ட தொடரை அப்படியே எடுத்தாள்வது எளிதும் பாதுகாப்பும் ஆகிறது. மாறுபட்ட தீர்ப்பின் பயனை இந்தியர் நன்கறிவர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், நீதிபதி எச். ஆர். கன்னா தனித்து நின்று எழுதிய தீர்ப்பின் பக்கமே 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஆயம் வந்து சேர்ந்தது. லக்சம்பர்க்கில் அத்தகைய விதை ஊன்ற இடமில்லை.

அந்த இடத்தை ஒருவாறு நிரப்புவது அட்வகேட் ஜெனரலின் கருத்துரை. பிரெஞ்சு, அமெரிக்க நீதிமன்றங்களோடு ஒப்பிட்டு மிட்செல் லாசர் 2004-இல் வெளியிட்ட நூல், ஐரோப்பிய நீதிமன்றத்தின் வாதம் கருத்துரை, தீர்ப்பு என இரு குரல்களாகப் பிரிந்து நிற்பதை ஆராய்கிறது. ஆதலின் தீர்ப்பை மட்டும் தனித்தெடுத்து எடைபோடுவது நீதிமன்றத்துக்கு இழைக்கும் அநீதியாகும். அதே வேளையில், கருத்துரை ஒருபுறமும் தீர்ப்பு மறுபுறமும் செல்லும்போது, ஏன் விலகினோம் என்று தீர்ப்பு கூறாதாயின் அந்தத் துணையும் பயனற்றுப் போகிறது. நாட்டு நீதிபதியைக் கட்டுப்படுத்துவது தீர்ப்பேயன்றிக் கருத்துரையன்று.

2020: காரணம் போதாது என்ற குற்றச்சாட்டு

இவை நூலறைக்குள் நிகழும் ஆராய்ச்சி மட்டுமன்று என்பதை 2020 மே 5 உணர்த்தியது. ஐரோப்பிய மத்திய வங்கி 2015 முதல் அரசுப் பத்திரங்களைப் பெருமளவில் வாங்கி வந்தது. அது தன் அதிகாரத்தை மீறியதா என்று ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் வினா விடுத்தது. மீறவில்லை என்று 2018 டிசம்பர் 11-இல் வைஸ் வழக்கில் லக்சம்பர்க் விடையளித்தது. அவ்விடையை ஜெர்மானிய நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற வாக்கில் ஏற்க மறுத்தது. பத்திரக் கொள்முதலால் சேமிப்போர்க்கும் வீட்டு விலைக்கும் பொருளாதாரத்துக்கும் நேரும் விளைவுகளை நோக்கத்தோடு எதிரெதிர் நிறுத்தி எடைபோடாமல் நடவடிக்கை அளவாக உள்ளது என்று கூறிய தீர்ப்பின் காரணத்தைப் பின்தொடரவே இயலவில்லை என்பது அதன் குற்றச்சாட்டு. முடிவு பிடிக்கவில்லை என்று அது கூறவில்லை. காரணம் போதவில்லை என்றது.

மூன்று நாள் கழித்து, ஒன்றிய நிறுவனத்தின் செயல் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று கூறும் அதிகாரம் தனக்கே உண்டு என்று லக்சம்பர்க் நினைவூட்டியது. 2021 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் ஜெர்மனிமேல் நடவடிக்கை தொடங்கி, அவ்வரசின் உறுதிமொழிகளைப் பெற்றபின் டிசம்பரில் முடித்துக்கொண்டது.

அதே நான்கு வினாக்களை ஜெர்மானியத் தீர்ப்பை நோக்கியும் கேட்பது நடுநிலைமையாகும். அளவுடைமையைச் சோதிக்கும் முறை அந்நாட்டில் ஒருவிதமாகவும் ஒன்றியத்தில் வேறுவிதமாகவும் வளர்ந்தது. மத்திய வங்கி போன்ற வல்லுநர் நிறுவனத்தின் முடிவில் வெளிப்படையான பிழை உண்டா என்று மட்டுமே பார்ப்பது லக்சம்பர்க்கின் வழக்கம். அவ்வழக்கத்தின் தரப்பை முழு வலிமையோடு எடுத்துரைத்து மறுத்ததா ஜெர்மானிய நீதிமன்றம் என்றால், ஆம் என்று எளிதில் கூற இயலாது. தன் நாட்டு முறையே முறை என்று தொடங்கி, அதிலிருந்து விலகியதைப் பொருளற்றது என்று முடித்தது என்னும் குறை அதன்மேல் நிற்கிறது. இரு நீதிமன்றங்களும் ஒன்றன் வாதத்தை மற்றொன்று முழுமையாகக் கேட்கவில்லை.

இதில் ஒரு பேரிடரும் அடங்கியுள்ளது. நீதித்துறையின் தன்னாட்சி பற்றி லக்சம்பர்க்கோடு மோதிக்கொண்டிருந்த போலந்து ஆட்சியாளர் ஜெர்மானியத் தீர்ப்பை வரவேற்றனர். 2021 அக்டோபர் 7-இல் போலந்தின் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் ஒன்றிய ஒப்பந்தத்தின் சில பிரிவுகளே தம் அரசியலமைப்புக்கு முரண் என்றது. காரணம் போதவில்லை என்னும் நேர்மையான திறனாய்வு வேறு. நீதிமன்றத்தின் வாயை அடைக்க விரும்புவோரின் சாக்கு வேறு. நலிந்த காரணம் இரண்டாமவர் கையில் ஆயுதமாகிறது. நீதிமன்றத்தைக் காக்க விரும்புவோரே அதன் காரணங்களைக் கடுமையாக எடைபோட வேண்டியிருப்பதன் பொருள் இதுவே.

முடிவாக

சட்டத் தருக்கத்தின் தரத்தை அளக்கும் கருவி நுண்ணிய சொற்கூட்டமாக இருக்க வேண்டியதில்லை. தோற்றவர் அத்தீர்ப்பைப் படிக்கும்போது தம் வாதத்தை அதில் அடையாளம் காண்கிறாரா என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. கண்டால், முடிவை வெறுத்தும் நீதிமன்றத்தை மதிக்க அவரால் இயலும். காணாவிட்டால், வென்றவர் பெற்ற உரிமையும் மணலில் கட்டிய மதிலாகவே நிற்கும். வான் கெண்ட் என் லூஸ் தீர்ப்பு அன்று தோற்ற அரசுகளின் நீதிமன்றங்களிலேயே வேரூன்றியது. ஸ்டர்ஜன் தீர்ப்போ வென்ற பயணிகளையும் மூன்றாண்டு காக்க வைத்தது.

படைபலம் உள்ள அரசு காரணங் கூறாமலும் தன் ஆணையை நிறைவேற்றிக்கொள்ளும். காரணம் ஒன்றையே படையாகக் கொண்ட நீதிமன்றம் அதனைக் கூர்தீட்டி வைத்திருத்தல் வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் கடமை கற்றோர்க்கு உண்டு.